ஏலக்காய் வாசம் போன பிறகு ஒரு கோப்பை

கேரளத்தின் எல்லையூரான குமுளியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதும் 27 வயது இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாலை ஏழரை மணிக்கு வீடு திரும்பும் அவர், எட்டு மணி முதல் ஒன்பதரை வரை அறிவியல் புனைகதை வாசிப்பதை மூன்று ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறார். நண்பர் ஒருவர் பரிசாகக் கொடுத்த சிவப்பு ஒயினைச் சென்ற வாரம் திறந்து, வாசித்துக்கொண்டே குடித்துப் பார்த்திருக்கிறார். வாயெல்லாம் துவர்த்து இழுத்ததாம். கதையும் நாலாவது பக்கத்திலேயே கைநழுவிப் போனதாம். "எந்த மாதிரிக் கதைக்கு எந்த ஒயின் பொருந்தும் சார்? தொடங்குவதென்றால் எதில் தொடங்குவது? தினமும் ஒரு கோப்பை என்று வைத்துக்கொண்டால் தப்பா?" என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

நான் கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வளர்ந்தவன். நாசிக் பக்கம் ஓர் ஒயின் ஆலையின் ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அறிவியல் புனைகதைகளை எண்பதுகளில் வார இதழ்களில் தொடர்களாக வந்த காலத்திலிருந்து வாசிக்கிறேன். இரண்டிலும் எனக்குப் பழக்கம் உண்டு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இரண்டையும் எப்போதும் சேர்த்தே வைத்துக்கொண்டவன் என்று எண்ணிவிட வேண்டாம்.

தம்பி, செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் கதைக்குச் சிவப்பு ஒயின், பனிக் கிரகத்துக் கதைக்கு வெள்ளை ஒயின் என்று பொருளை வைத்துப் பொருத்துவது ஒரு விளையாட்டு. நாலு பேர் கூடியிருக்கும்போது சிரிப்பதற்கு உதவும். தனியாக உட்கார்ந்து வாசிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒயினைக் கதையின் நீளத்தோடும், கதை கேட்கும் கவனத்தோடும் பொருத்த வேண்டும் என்பதே என் கருத்து. ஊற்றிய கோப்பையில் ஒயின் ஒரே நிலையில் நிற்பதில்லை. குளிர்ச்சி குறையக் குறைய அதன் வாசம் விரிகிறது, காற்றுப் பட்டதும் சில வாசங்கள் எழுந்து சில அடங்குகின்றன. நாற்பது நிமிடத்தில் கோப்பைக்குள் இருப்பது நீங்கள் முதலில் முகர்ந்த பொருளே அல்ல என்று சொல்லும் அளவுக்கு அது மாறிவிடுகிறது. நாற்பது நிமிடம் என்பது ஒரு நல்ல சிறுகதையின் நேரமும்தான்.

உங்களுக்கு ஏன் நாலாவது பக்கத்தில் கதை கைநழுவியது என்பதை முதலில் பார்ப்போம். குடும்பக் கதை ஒன்றில் முதல் வரியில் "கிணற்றடி" என்று வந்தால் போதும், மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்வோம். அறிவியல் புனைகதையில் அந்த வசதி கிடையாது. அங்கே ஈர்ப்புவிசை எவ்வளவு, காலம் எந்தத் திசையில் ஓடுகிறது, பேசுவது மனிதனா இயந்திரமா என்பதையெல்லாம் ஆசிரியர் ஒரே இடத்தில் விளக்கிவிடாமல், உரையாடலுக்கு நடுவே, ஒரு கதவு திறக்கும் விதத்தில், ஒருவர் அணிந்திருக்கும் உடையில் என்று சிதறவிட்டுச் செல்வார். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து மனத்துக்குள் ஓர் உலகத்தை நிறுத்த வேண்டிய வேலை வாசகருடையது, அந்த வேலை பெரும்பாலும் முதல் பத்துப் பக்கங்களுக்குள் முடிந்தாக வேண்டும். மதுவோ முதலில் கை வைப்பது கவனத்திலும், சற்று முன் வாசித்ததை மனத்தில் தாங்கி வைத்திருக்கும் திறனிலும்தான். வெறும் வயிற்றில், புத்தகம் திறந்த அதே நிமிடத்தில் குடிக்கத் தொடங்கினால், கட்டடத்துக்கு அடித்தளம் போடும் நேரத்தில் கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பியது போல ஆகிவிடும்.

ஆகையால் நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்றே ஒன்று: கதையின் உலகம் நிற்கும் வரை கோப்பையைத் தொடுவதில்லை. ஊற்றி வைத்துவிடலாம், முகர்ந்தும் பார்க்கலாம். முதல் மிடறு மட்டும் இந்த உலகத்தின் விதிகள் பிடிபட்டுவிட்டன என்று தோன்றிய பிறகுதான். காலப் பயணக் கதைகளின் முன்னோடிகளில் ஒன்றான எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' நாவலில்கூட இதே வரிசைதான் இருக்கிறது. எதிர்காலத்துக்குப் போய் அலைக்கழிந்து, தூசியும் காயமுமாக விருந்து மேசைக்குத் திரும்பி வரும் அந்த விஞ்ஞானியின் முன்னால், விருந்தினர்களில் ஒருவரான பத்திரிகை ஆசிரியர்தான் ஷாம்பெயின் கோப்பையை நகர்த்தி வைப்பார். பயணம் முடிந்த பிறகே அந்தக் கோப்பை வருகிறது. அந்த நாவல் வெளியான 1895ஆம் ஆண்டில்தான் உங்கள் ஊருக்கு மேலே முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே எங்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கியது. ஓர் ஆற்றைத் திசை திருப்பிப் பாலைபோல் கிடந்த நிலத்தைத் திராட்சைத் தோட்டமாக ஆக்கலாம் என்பதை அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாராவது எழுதியிருந்தால் அதையும் அறிவியல் புனைகதை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்ததாக, உங்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஒயினின் சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மூக்கால் உணரப்படுவது. நாக்கு இனிப்பு, புளிப்பு, கசப்பு என்று சிலவற்றை மட்டும் சொல்லும். எலுமிச்சைத் தோல், கொய்யா, மிளகு, ஈர மண் என்பவையெல்லாம் மூக்கு சொல்பவை. நீங்களோ பகல் முழுவதும் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரே வாசத்தில் நீண்ட நேரம் இருந்தால் மூக்கு அந்த வாசத்தை அறிவிப்பதை நிறுத்திவிடும். அதனால்தான் கடைக்குள் நுழையும் வெளியூர்க்காரர் மூச்சை இழுத்து வியக்கும்போது உங்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. ஆனால் வாசம் போய்விடவில்லை, சட்டையிலும் தலைமுடியிலும் விரலிடுக்கிலும் ஏறித்தான் வருகிறது. தலைக்குக் குளித்து, சட்டையை மாற்றி, அரை மணி நேரமாவது கழிந்த பிறகு கோப்பையை எடுங்கள். அறையில் ஊதுபத்தி, கொசுவர்த்தி இரண்டும் கூடாது. கொசுவுக்கு வலை கட்டிக்கொள்ளலாம். குளிக்கும் சோப்பு, தலையில் தேய்க்கும் எண்ணெய் ஆகியவையும் கடும் வாசனை இல்லாதவையாக இருந்தால் நல்லது. பதினெட்டு ஆண்டுகள் ஆய்வகத்தில் நான் பவுடர் பூசியதில்லை, மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு உள்ளே போனதில்லை.

துவர்ப்புக்கு வருகிறேன். சிவப்பு ஒயின் திராட்சையின் தோலோடும் விதையோடும் சேர்ந்தே நொதிப்பதால், அவற்றிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் சாற்றில் இறங்குகிறது. இந்த டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் வழவழப்பைப் போக்கிவிடுகிறது. வாழைப்பூவையோ பிஞ்சு மாதுளையின் தோலையோ கடித்தால் வாய் இழுப்பதும் இந்த வகைதான். கூடவே கொழுப்போ புரதமோ உள்ள தீனி இருந்தால் டானின் அதனோடு சேர்ந்துகொள்ளும், வாயை விட்டுவிடும். வெறும் வாயில் குடித்தால் முழுச் சுமையும் உங்கள் நாக்கின் மேல்தான். ஆக நண்பர் கொடுத்தது கெட்ட ஒயினாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழக்கமில்லாதவர், வெறும் வயிற்றில், தொடக்கத்திலேயே தொடக்கூடாத வகை அது, அவ்வளவே.

தொடங்குவதற்குச் செனின் பிளாங்க் என்னும் வெள்ளை வகையைச் சொல்வேன். நாசிக் வட்டாரத்து மண்ணிலும் வெயிலிலும் நன்றாக ஒத்துப்போன வகை அது. நாசிக்கின் சுலா ஒயின் நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த ஒயின்களில் அதுவும் ஒன்று, அதன் பிறகு இந்திய ஆலைகள் பலவும் அதைச் செய்கின்றன. வெள்ளை ஒயினில் சாற்றைப் பிழிந்து தோலை நீக்கிவிட்ட பிறகே நொதிக்க விடுவதால் துவர்ப்பு அநேகமாக இருக்காது. இந்தியச் செனின் பெரும்பாலும் இலேசான இனிப்போடு, பழுத்த கொய்யாவும் அன்னாசியும் கலந்த வாசத்தோடு இருக்கும். அதற்குத் தோதான தீனி உங்கள் ஊரிலேயே, தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் வறுவலாகக் கிடைக்கிறது. உப்பையும் எண்ணெயையும் ஒயினின் புளிப்பு கழுவிவிடும்; அந்தப் புளிப்பின் கூர்மையை உப்பு மழுக்கிவிடும். காரம் தூவிய கடலையையும் ஊறுகாயையும் தவிர்த்துவிடுங்கள். மிளகாயின் எரிச்சலை மது கூட்டும், அதுவும் துவர்ப்புள்ள சிவப்பு ஒயினில் அந்த எரிச்சல் தாங்க முடியாததாகிவிடும். எண்ணெய் விரலோடு பக்கத்தைப் புரட்டினால் புத்தகம் பாழாகும் என்பதால் நான் வறுவலைத் தீனிக் கரண்டியால் எடுப்பது வழக்கம். வீட்டார் சிரித்தாலும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

குளிர்ச்சி விஷயத்தில் உங்களுக்கு எங்களைவிட வசதி அதிகம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்தது 15 முதல் 18 டிகிரி வரையுள்ள குளிர்தேசத்து அறை. கீழே கம்பத்தில் சித்திரை மாதத்து இரவில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும் அறையில் அதே ஒயினை ஊற்றினால் பழ வாசத்துக்கு முன்னால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருக்கும் குமுளியில் மார்கழி இரவு என்றால் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றலாம். மற்ற மாதங்களில் இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தெடுத்தால் சரியாக இருக்கும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி வரை ஏற்றது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றி, முன்பு சொன்னபடி கதையின் முதல் பத்துப் பக்கங்களைக் கடந்த பிறகு தொட்டால், அது தானாகவே அந்த நிலைக்கு வந்திருக்கும். கோப்பை விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அடிவயிறு அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையாக இருந்தால் வாசம் உள்ளே தங்கும். எவர்சில்வர் தம்ளர் வேண்டாம்.

இனி எந்தக் கதைக்கு எது என்பது. கடைசி வரியில் எல்லாவற்றையும் தலைகீழாகக் கவிழ்க்கும் எட்டுப் பக்கக் கதைகளுக்கு ஒயினே தேவையில்லை என்பேன். கோப்பையைத் தூக்குவதற்குள் கதை முடிந்துவிடும். இருந்தே ஆக வேண்டுமென்றால் சாவிஞான் பிளாங்க் போல் புளிப்பு தூக்கலாக, பச்சை இலை வாசத்தோடு, ஒரே வீச்சில் வந்து போகும் ஒயின் சரி. முப்பது நாற்பது பக்கம் நீளும் கதைகளுக்கு, முக்கியமாக நிதானமாக நகரும் வேற்றுக்கிரகக் கதைகளுக்கு, காபர்நே சாவிஞானும் ஷிராசும் கலந்த இந்தியச் சிவப்பு ஒயின் மிகவும் தோதானது. முதல் மிடறில் அது மூடிக்கொண்டு, முரட்டுத்தனமாக இருக்கும். கால் மணி நேரம் கழித்து மிளகும் நாவற்பழமும் தெரியத் தொடங்கும். கதையில் அந்த வேற்றுயிர் முதன்முதலாகப் பேசும் இடத்தை நீங்கள் அடையும்போது, கோப்பையில் துவர்ப்பு தேய்ந்து பழத்தின் மென்மை மேலே வந்திருக்கும். கதையும் ஒயினும் தத்தம் வழியில் திறந்துகொண்டு ஏறத்தாழ ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வரும் இந்த அனுபவத்துக்காகத்தான் நான் பொருத்தம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். ஆனால் இந்த வகைக்கு இரண்டு மூன்று மாதப் பழக்கத்துக்குப் பிறகு வாருங்கள்.

பேரழிவுக்குப் பிந்தைய உலகங்களைச் சொல்லும் கதைகளோடு எதையும் குடிக்காதீர்கள். இது என் தனிப்பட்ட கருத்து, காரணம் கேட்டால் உறுதியாகச் சொல்லத் தெரியாது. மனம் கனத்திருக்கும்போது கை தானாகவே இரண்டாவது கோப்பைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். நுரைக்கும் ஒயினும் தனி வாசகருக்கு ஒத்துவராது. திறந்த அன்றே அதன் உயிர் போய்விடும், ஒரு புட்டியை ஒருவர் ஒரே இரவில் காலி செய்வது வாசிப்பாகாது. அறுவடையைத் தள்ளிப்போட்டு, கொடியிலேயே பழத்தின் சர்க்கரையை ஏறவிட்டுச் செய்யும் இனிப்பு ஒயின் ஒன்று உண்டு. அதை அறுபது மில்லி மட்டும், கதை முடிந்த பிறகு, முடிவை அசைபோட்டுக்கொண்டு குடிக்கலாம்.

பொருளை வைத்தே பொருத்துவேன் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்கு, விண்வெளியும் ஒயினும் சந்தித்த உண்மை நிகழ்ச்சிகள் பலவும் கதைகளைவிடச் சுவையானவை என்பதைச் சொல்ல வேண்டும். 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின், கலத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன், தாம் கொண்டுபோயிருந்த சிறிதளவு ஒயினைக் கோப்பையில் ஊற்றி, கிறித்தவ வழிபாட்டுச் சடங்கான நற்கருணையை உட்கொண்டார். பூமியின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் அந்த ஒயின் கோப்பையின் ஓரமாக மெல்லச் சுருண்டு ஏறியதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 2015இல் லவ்ஜாய் வால்நட்சத்திரத்தை ஆராய்ந்த வானியலாளர்கள், அது மிகத் தீவிரமாக இருந்த நேரத்தில் விநாடிக்குக் குறைந்தது ஐந்நூறு ஒயின் புட்டிகளில் உள்ள அளவு எத்தில் ஆல்கஹாலை விண்ணில் விட்டுக்கொண்டிருந்தது என்று கணக்கிட்டார்கள். 2019 நவம்பரில் பிரான்சின் போர்தோ ஒயின் பன்னிரண்டு புட்டிகள் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, பதினான்கு மாதங்கள் எடையின்றி இருந்துவிட்டு 2021 ஜனவரியில் திரும்பி வந்தன. அந்த மார்ச் மாதத்தில் அவற்றைப் பூமியிலேயே இருந்த அதே ஒயினோடு ஒப்பிட்டுச் சுவைத்தவர்களில் ஒருவர், விண்வெளிக்குப் போனது இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக முதிர்ந்ததுபோல் இருந்தது என்றார். காலப் பயணம் என்று நாம் வாசிப்பதைப் புட்டிக்குள் இருக்கும் சாறு செய்து காட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அதற்காக அதை வாங்கத் தேவையில்லை. நம் சம்பளத்துக்கு அது எட்டாது.

எங்கள் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை விட்டுவிட்டு இதை முடிக்க எனக்கு மனம் வராது. மஸ்கட் ஹாம்பர்க் என்று நூல்களில் குறிக்கப்படும் வகை அது; கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மராட்டியத்துத் திராட்சை ஆண்டுக்கு ஒரு பருவத்தில் வந்து போகும். எங்கள் பந்தல்களிலோ கவாத்து நாளை மாற்றி மாற்றி வைத்து ஆண்டு முழுவதும் காய் எடுக்கிறார்கள். மஸ்கட் குடும்பத்துக்கே உரிய லினலூல், ஜெரானியால் போன்ற வாசப்பொருள்கள் அதில் நிறைய இருப்பதால்தான் ரோஜாப் பன்னீரின் மணம் வருகிறது. டிசம்பர் மாதம் நெருங்கியதும் குமுளி வழியாக மலையேறும் திராட்சைப் பெட்டிகளில் ஒரு பகுதி கேரளத்துக் கிறித்தவ வீடுகளில் ஒயின் ஊறும் பரணி ஜாடிகளுக்குள் போகிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் அதை முந்திரி வைன் என்பார்கள். கீழே இருந்து வரும் உறவினர்கள் முந்திரிப்பருப்பில் ஒயினா என்று விழிப்பது வழக்கம். நம் தமிழிலும் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்ற பெயர் உண்டு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்த வீட்டு ஒயினில் சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் தாராளமாகச் சேர்ப்பதால் பிளம் கேக்கோடு நன்றாக இருக்கும்; வாசிப்புக்கு ஆகாது. அதில் மதுவின் அளவு என்னவென்று செய்தவருக்கே தெரியாது, அதனால் எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கும் கிடையாது. மேலும், உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் காய்ச்சுவது கேரள அப்காரி (மதுவரி) சட்டப்படி குற்றம். அண்டை வீட்டார் செய்கிறார்களே என்று நீங்களும் பரணியைத் தூக்க வேண்டாம்.

தினமும் ஒரு கோப்பை என்ற கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. இதில் வழவழவென்று பேச எனக்கு விருப்பமில்லை. 13 சதவீத ஒயின் 150 மில்லியில் ஏறத்தாழ 15 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் அதை முழுவதுமாக எரித்து முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதை நம்பிக் குடிக்காதீர்கள். இரவில் குடித்தால் சீக்கிரம் தூக்கம் வருவதுபோல் இருக்கும், பின்னிரவில் தூக்கம் உடையும், கனவு காணும் பகுதி குறையும். அறிவியல் புனைகதை வாசிப்பவருக்கு அந்தக் கனவுகள் ஒரு கூடுதல் அத்தியாயம் என்பது என் அனுபவம், அவற்றை இழப்பானேன்? ஆகவே வாரத்தில் இரண்டு நாட்கள், நாளுக்கு 120 மில்லி, அதுவும் எட்டரைக்குத் தொடங்கி ஒன்பதேகாலுக்குள் முடிந்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கோ வலிப்புக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவர், கல்லீரலில் கோளாறு உள்ளவர், குடும்பத்தில் குடியால் சீரழிந்தவரைப் பார்த்து வளர்ந்தவர் ஆகியோர் இந்தப் பக்கமே வர வேண்டாம். குடித்த பிறகு அவசரமென்று மலைப்பாதையில் பைக் எடுக்கவும் கூடாது. சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம்தான். கேரளத்தில் மது வாங்க 23 வயது நிறைந்திருக்க வேண்டும், உங்களுக்கு அந்தத் தடை இல்லை. கம்பத்திலிருந்து உறவினர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லிச் சோதனைச் சாவடியில் அவரை மாட்டிவிடாமல், குமுளியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சமுள்ள ஐந்து நாட்களும் கோப்பை காலியாக இருக்க வேண்டியதில்லை. பன்னீர் திராட்சையைத் தோலோடு நசுக்கி, கொதிக்க வைக்காமல் வடிகட்டி, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து குளிரவைத்தால் அந்த ரோஜா மணம் அப்படியே கிடைக்கும், கொதித்தால் பறந்துவிடும். பாலும் மசாலாவும் சேர்க்காத மலைத் தேயிலையின் கட்டன் சாயாவுக்கும் ஒயினைப் போலவே துவர்ப்பும் வாசமும் உண்டு, ஆறும்போது அதுவும் மாறும். வங்க எழுத்தாளர் பேகம் ரொக்கையா 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த இந்தியப் பெண்கள் இதழ் ஒன்றில் எழுதிய கதையில், மாலையில் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஒரு பெண், சூரிய வெப்பத்தைத் திரட்டி நாட்டைக் காக்கும் பெண்களின் தேசத்துக்குப் போய் வருகிறாள். இந்த மண்ணில் அச்சேறிய அந்தக் கதையை நான் இரண்டு முறை வாசித்ததும் கட்டன் சாயாவோடுதான். ஒயின் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு கணமும் தோன்றியதில்லை. ஒயின் இல்லாத நாளில் புத்தகத்தைத் திறக்க மனம் வரவில்லை என்று எப்போதாவது தோன்றினால், அன்றோடு ஒயினை நிறுத்திவிடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு கோப்பை என்னும்போது புட்டியின் கணக்கு இடிக்கும். ஒரு புட்டி 750 மில்லி, அதாவது உங்களுக்கு ஆறு கோப்பை, மூன்று வாரம். திறந்த ஒயின் அவ்வளவு நாள் தாங்காது. காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் பழ வாசத்தை மங்கச் செய்யும். பிறகு பாக்டீரியா ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும், அதுதான் வினிகர். ஃப்ரிட்ஜில் நிற்க வைத்தால் வெள்ளை மூன்று நாள், சிவப்பு நாலைந்து நாள் சுவை குன்றாமல் இருக்கும். கெட்டுப்போகுமே என்ற கவலையில்தான் பலர் அளவை மீறுகிறார்கள், இதை நான் ஆலைக்காரர்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். இதற்கு வழி இருக்கிறது. 375 மில்லி அரைப் புட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், வெந்நீரில் கழுவிக் காயவைத்த சிறிய கண்ணாடிப் புட்டிகள் இரண்டை முன்கூட்டியே எடுத்து வைத்து, புட்டியைத் திறந்த உடனே, குடிப்பதற்கு முன்பாகவே, அவற்றில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்ளே காற்றுக்கு இடமே இல்லாததால் ஒரு வாரத்துக்கும் மேல் நன்றாக இருக்கும். மிஞ்சியதை மைத்துனருக்கோ, ஒயினை மதிக்கத் தெரிந்த கடை நண்பருக்கோ கொடுத்துவிடலாம். தக்கை போட்டதைவிடத் திருகு மூடி போட்ட புட்டி உங்களுக்கு வசதி. திருகு மூடி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், நல்ல ஒயின்களும் அதில் வருகின்றன.

வரும் சனிக்கிழமை எட்டு மணிக்குக் குளித்துவிட்டு வாருங்கள், ஒரு கிண்ணம் வறுவல், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர், முப்பது பக்கத்துக் கதை ஒன்று. செனின் பிளாங்கை ஊற்றி எட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள். நண்பர் கொடுத்த அந்தச் சிவப்பு ஒயின் திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், அதை இனிக் குடிக்க வேண்டாம். முகர்ந்து பாருங்கள், வினிகர் நெடி ஏறாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வதக்கும்போது வெங்காயம் சிவந்த பிறகு அரைக் கோப்பை ஊற்றி, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டுப் பிறகு தண்ணீர் சேருங்கள், புளி தக்காளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.